கரி தின்ற வாய்

நாகம்மாளுக்குக் கோபம் வந்தால் முதலில் பாத்திரம் உருளும், அப்புறம்தான் வாய் திறக்கும். அன்றைக்கு இரண்டும் சேர்ந்தே நடந்தன. மத்தியானம் உடைத்து ஓட்டைச் சட்டியில் போட்டு வைக்கிற லெக்கோத் துண்டுகள், சாயங்காலம் அடுப்பு மூட்டப் போகும்போது பாதிதான் இருந்தன. ஒரு நாள் என்றால் எலி என்று விட்டுவிடலாம். எலி எங்காவது கரி தின்னுமா?

லெக்கோ நெய்வேலிக்கே உரிய சரக்கு. சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரியைப் பொடித்துக் கட்டியாக அழுத்தி, புகை போகச் சுட்டு எடுப்பார்கள். குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாதிக்கு மேல் அதில்தான் சோறு பொங்கியது. யாரும் பூட்டி வைக்கிற பொருள் இல்லை அது. பின்வாசலில் மூட்டை கிடக்கும், பக்கத்தில் உடைக்கிற கல் கிடக்கும். இடுப்பு உயரச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு.

அந்தப் பின்வாசலுக்கு வெளியிலிருந்து வருகிறவள் ஒருத்திதான். வடக்குத்து கிராமத்திலிருந்து நடந்து வந்து மூன்று வீட்டுப் பாத்திரம் தேய்க்கிற ஆதிலட்சுமி. நாகம்மாள் யோசிக்கவே இல்லை. குழாயில் தண்ணீர் விடுகிற நேரம். வரிசைப் பெண்கள் எல்லாரும் குடத்தோடு வெளியே நின்றார்கள். அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரிக் கேட்டுவிட்டாள்.

"ஏம்மா ஆதிலட்சுமி, சட்டியில கெடக்கற கரி தெனமும் எங்க போகுது? வேணும்னா கேட்டு வாங்கிட்டுப் போறதுக்கென்ன?"

ஆதிலட்சுமி குண்டானைக் கீழே வைத்தாள்.

"இன்னா சொன்னீங்க? நானா? எங்க வூட்டுப் பின்னாடி முந்திரி வெறகு ஆளு ஒசரத்துக்கு அடுக்கிக் கெடக்குது. இந்தக் கருமத்த எடுத்துகினு போயி நான் தலைல கொட்டிக்கவா?"

"நான் கேக்கத்தானே செஞ்சேன்..."

"கேக்கறதா இது? எங்க ஊரு மண்ணத் தோண்டி எடுத்த கரி. எம் புருசன் அந்தக் குழில கான்ட்ராக்ட்டுல சேறு வாரிகினு இருக்கிறான். அதுல நாலு துண்டக் காணும்னா நான் திருடியா? மூணு வூட்ல தேய்க்கிறேன், ஒரு கரண்டி காணாமப் போயிருக்குதா? கேளுங்க, நிக்கறாங்களே எல்லாரும்!"

நின்றவர்கள் குழாயையே பார்த்தார்கள். ஆதிலட்சுமி சாம்பல் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தேய்த்தது பாதி தேய்க்காதது பாதியாக அப்படியே போட்டுவிட்டு நடந்தாள். சித்திரை வெயில். தார் ரோட்டில் அவள் வெறுங்காலோடு போவதைப் பார்த்தபோதுகூட நாகம்மாளுக்கு மனசு இளகவில்லை. குட்டு வெளிப்பட்டதும் ரோசத்தைப் பார் என்றுதான் முணுமுணுத்தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாளே உண்மை தெரிந்தது. பாத்திரம் தேய்க்க ஆளில்லாமல் நாகம்மாளே மத்தியானம் பின்வாசலுக்கு வந்தாள். சட்டிக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பார்வதி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அஞ்சு மாச வயிறு முழங்காலில் முட்டியது. கையில் கரி. வாயில் கறுக்கு மறுக்கென்று சத்தம். கண் பாதி சொருகி, ஏதோ பால்கோவா தின்கிற மாதிரி மென்றுகொண்டிருந்தாள்.

நாகம்மாள் போட்ட கூச்சலில் வரிசையே கூடிவிட்டது. பார்வதி எழுந்திருக்கவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. உதட்டோரத்துக் கறுப்பைப் புறங்கையால் துடைத்தாள். அது கன்னம்வரைக்கும் இழுபட்டது. யாரோ சிரித்தார்கள். யாரோ, "கரி திங்கற பேயிடி, மாசமா இருக்கறவளத்தான் புடிக்கும்" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சங்கரலிங்கம் முதல் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் சைக்கிளை நிறுத்தினான். கன்வேயர் பிரிவில் பெர்மனன்ட் ஆள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுக்கிறவன் என்று பெயர் வாங்கியவன். கூட்டத்தைப் பார்த்ததும் என்னவென்று கேட்கவில்லை. அவனுக்கு முன்பே தெரியும்.

"ஏட்டி, இங்கயும் வந்துட்டியா?" என்று அவள் கையைப் பிடித்துத் தூக்கினான். "வீட்டுல லெக்கோவே வேண்டாம்னு ஸ்டவ்வு வாங்கிப் போட்டேன். இப்ப அடுத்த வீட்டுல வந்து திங்கா. என் மானத்த வாங்கதுக்குன்னே பொறந்திருக்கா."

"எத்தன நாளா நடக்குது இது?" என்றாள் நாகம்மாள்.

"ரெண்டு வருசமாக்கா. மொதப் புள்ள ஏழாம் மாசத்துல கலைஞ்சிட்டே, அப்பவும் இந்தக் கரியத்தான் தின்னுட்டு இருந்தா. ஷிப்ட்ல தெரிஞ்சா நான் தலை காட்ட முடியுமா? ஊர்ல அம்மன் கொடை முடியவும் எங்கம்ம வாரா. கூட்டிட்டுப் போயி கோடாங்கிட்ட உக்கார வச்சு ஓட்டிருவா. சரியானா வரட்டும், இல்லைன்னா அங்கனயே கெடக்கட்டும்."

பார்வதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் பின்னால் போனாள். அவள் மணிக்கட்டு அவன் பிடிக்குள் ஒரு முருங்கைக்குச்சி அளவுதான் இருந்தது. அதை அன்றைக்குத்தான் நாகம்மாள் சரியாகப் பார்த்தாள்.

சாயங்காலம் வடக்குத்துக்குப் போனாள். போகிற வழியெல்லாம் முந்திரித் தோப்பு, பழம் அழுகின வாடை, செம்மண் புழுதி. ஆதிலட்சுமி வாசலில் நிலக்கடலைச் செடியைப் போட்டு மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாகம்மாள் நடந்ததைச் சொன்னாள். தப்பு என்மேல்தான், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றாள்.

ஆதிலட்சுமி தலை நிமிரவில்லை. "திருடின்னு சொன்னது அத்தன பேரு எதிர்ல. இல்லன்னு சொல்றது மட்டும் இங்க, தனியாவா?"

"சரி. அங்கயே சொல்றேன். காலைல தண்ணி வர்ற நேரத்துக்கு வா."

"வருவேன். காதால கேட்டுட்டுதான் பாத்திரத்துல கைய வைப்பேன்." அப்புறம்தான் ஒரு கை மல்லாட்டையை அள்ளி நாகம்மாள் பக்கம் தள்ளினாள். "அந்தப் பொண்ணு பார்வதியா கரி தின்னுது? பாவம். இன்னா பண்ணப் போறாங்களாம்?"

"மாமியாக்காரி வந்து கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போறாளாமா. பேய் ஓட்டறதுக்கு."

ஆதிலட்சுமியின் கை நின்றது. "எங்க அக்காவும் சாம்பலு தின்னுச்சு. பூசாரி வந்து வேப்பங்குச்சால வெளுத்தான். முடியப் புடிச்சி சுத்து சுத்துன்னு சுத்தினான். எங்க ஆளுங்க எல்லாம் வேடிக்க பாத்துகினு நின்னோம், நானுந்தான். மூணு நாளு. நாலாம் நாளு ரத்தமாப் போச்சு. புள்ளையும் இல்ல, அதுவும் இல்ல. பேயி மட்டும் போயிடுச்சுன்னான். போவாம பின்ன? புடிக்கறதுக்கு ஆளு வேணுமில்ல!"

அடுத்த நாள் காலை குழாயடியில் நாகம்மாள் சொன்னபடி செய்தாள். "கரி எடுத்தது இவ இல்ல. நான்தான் வாய்க்கு வந்ததப் பேசிப்போட்டேன். தப்பு என்னுது" என்றாள். சொல்வதற்குள் முகம் சிவந்துபோனது. முந்தின நாள் பார்வதியைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்றைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆதிலட்சுமி யாரையும் பார்க்காமல் தேய்க்கிற நாரை எடுத்துக் குண்டானில் வைத்தாள்.

வேலை முடிந்ததும் இரண்டு பேருமாகப் பார்வதி வீட்டுக்குப் போனார்கள். சங்கரலிங்கம் ஷிப்டில் இருந்தான். வீடு கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. மூலையில் அரிசி மூட்டை, அதற்குப் பக்கத்தில் உளுந்து டின், உறியில் கருப்பட்டி. அடுப்பு மேடையில் சோறு, குழம்பு, பொரியல், எல்லாம் தட்டுப் போட்டு மூடியிருந்தது. மூடிய சோற்றுக்கு முன்னால் பார்வதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே வெளுத்து, நகமெல்லாம் சுண்ணாம்பு நிறம்.

"காலைல என்ன புள்ள சாப்ட்டே?" என்று கேட்டாள் நாகம்மாள்.

பார்வதி மூடிய சோற்றுத் தட்டைப் பார்த்தாள்.

"கேக்கறேனில்ல?"

"அவுக இன்னும் வரலையேக்கா."

"அவரு வாறது மூணு மணிக்கு. நீ எந்திரிச்சது?"

"அவுகளுக்கு டிபன் கட்டிக் குடுக்கணும்லா. விடியதுக்கு முன்னாடியே எந்திரிச்சிருவேன்."

"அப்ப மூணு மணி வரைக்கும்?"

"தண்ணி குடிப்பேன்."

நாகம்மாள் ஒவ்வொரு ஷிப்டாகக் கேட்டாள். இரண்டாம் ஷிப்ட் என்றால் அவன் மத்தியானம் சாப்பிட்டுப் போனபின் மிச்சத்தில் கொஞ்சம். அப்புறம் ஊரெல்லாம் உறங்கி அவன் வந்து சாப்பிட்டுக் கை கழுவுகிறவரைக்கும் ஒன்றுமில்லை. நைட் ஷிப்ட் என்றால் அவன் பகலில் தூங்குவான். எழுந்து சாப்பிடுகிறவரை அவளும் சாப்பிட மாட்டாள், பாத்திரச் சத்தம்கூட வராமல் உட்கார்ந்திருப்பாள்.

"ஓ.டி. பாத்துட்டு அங்கயே அடுத்த ஷிப்டும் நின்னுட்டான்னா?"

"அன்னைக்கு ஒண்ணும் கெடையாதுக்கா" என்றாள் பார்வதி, மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரி.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். புருஷன் உண்ட பிறகு பெண்டாட்டி உண்பது என்பது காட்டு வேலைக்காரர்கள் வீட்டில் ஏற்பட்ட வழக்கம். அங்கே அவன் பொழுது சாய்ந்தால் வந்துவிடுவான். வேலை நடுவில் இவளும் தூக்குச்சட்டியோடு காட்டுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பாள். அந்த வழக்கத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, மூன்று ஷிப்ட் ஓடுகிற ஊரில் இறக்கி வைத்தால் என்ன ஆகும்? மிஷினுக்குக்கூட ஷிப்டுக்கு ஒரு தரம் எண்ணெய் விடுகிறார்கள். இந்தப் பெண் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டினி கிடந்தாள். அதைக் குடும்பத்துப் பெண் லட்சணம் என்று நாலு பேர் மெச்சவும் செய்தார்கள்.

"கரி எப்பிடிப் புள்ள வாய்க்குப் போச்சு?"

"அப்ப வீட்டுல லெக்கோ அடுப்புதான். சோறு ஆறாம இருக்கதுக்கு அதுக்குப் பக்கத்துலயே இருப்பேன். ஒரு நாளு கரில தண்ணி தெளிச்சேன். புது மண்ணுல மழ விழுந்தா வருமே, அப்படி ஒரு வாசம் வந்திச்சு. வாயெல்லாம் எச்சி. கொஞ்சூண்டு நாக்குல வச்சுப் பாத்தேன். பொறவு விட முடியலக்கா. முருகன் படத்துல சத்தியம் பண்ணுனேன். கையக் கட்டிக்கிட்டும் உக்காந்து பாத்தேன். வேண்டாம் வேண்டாம்னுதான் நெனைக்கேன், கையி தானாப் போயிருது." அவள் அழத் தொடங்கினாள். "எனக்கு ஊருக்குப் போவ வேண்டாம்க்கா. கோடாங்கி அடிச்சா இந்தப் புள்ளையும் தங்காது."

"அப்ப சோத்த எடுத்துத் தின்னு தொலையேன்! முன்னாடிதான இருக்குது!"

"மாட்டேன்க்கா." அழுகை சட்டென்று நின்றுவிட்டது. "கல்யாணம் ஆன புதுசுல ஒரு நாளு பசி தாங்காம முன்னாடியே தின்னுட்டேன். அன்னைக்குத்தான் அவுக விரலு பெல்ட்டுல நசுங்குச்சு. கட்டுப் போட்டுக்கிட்டு வந்தாக. சுரங்கத்துக்குள்ள எறங்குத ஆளு. நான் வயித்தக் கட்டிக்கிட்டு இருக்கதுனாலதான் முழுசா ஏறி வாராக. எங்கம்மயும் அதான் சொல்லி அனுப்புனா."

ஆதிலட்சுமிதான் பேசினாள்.

"நான் காலைல கேவுரு கூழு ஒரு சொம்பு குடிச்சிட்டுதான் வூட்ட வுட்டு வரேன். எங்க வூட்டுக்காரு பழனிவேலு பெர்மனன்ட்டு இல்ல, தொப்பி இல்ல, பூட்ஸு இல்ல, சேத்துல எறங்கறாரு. தெனம் ஏறித்தான் வராரு. உன் வயித்த வச்சிகினா அந்தக் குழிக்கு முட்டுக் குடுத்து வச்சிருக்கிறாங்க?"

பார்வதி பிடிவாதமாகத் தரையைப் பார்த்தாள். பயத்தோடு வழக்காடி யார் ஜெயித்திருக்கிறார்கள்?

அன்று இரண்டாம் ஷிப்டுக்குப் போக வேலுமணி இலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது நாகம்மாள் விஷயத்தைச் சொன்னாள். வேலுமணி அவள் புருஷன். சுரங்கத்தில் கிரேன் ஓட்டுகிறவர், கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். மனைவி பேசினால் பாதி காதில் வாங்குகிற மனுஷர்.

"அட, அந்தப் புள்ளயா? சங்கரலிங்கம் சொல்லிச் சொல்லிப் பெருமப்படுவானே. நான் வூட்டுக்குப் போய்ச் சாப்பிடற வரைக்கும் எம் பொண்டாட்டி பச்சத்தண்ணி தொட மாட்டான்னு. நான்கூட உன்கிட்ட சொல்லலையா, பாத்துக் கத்துக்கன்னு?"

சொல்லியிருந்தார். நாகம்மாளுக்கு ஞாபகம் வந்தது. பதினொரு மணிக்கே தின்றுவிடுகிற தன்னைக் கேலி செய்ய அந்தப் பெண்ணின் பட்டினியைத் தினம் தினம் இழுத்திருந்தார்.

"பெரும பேசற அளவுக்கு அந்த மகராசன் அங்க பட்டினியா கெடக்கறாரா?"

"பட்டினியா? நல்லாக் கேட்டே போ. கேன்டீன்ல இட்லி ரெண்டு தட்டு, வடை, டீ. டிபன்பாக்ஸும் காலி பண்ணிப் போடுவான். ரெண்டாம் ஷிப்ட்னா அங்கயே சோறு. அப்பறம் வூட்டுக்கு வந்தும் ஒரு புடி புடிப்பானாம். பொண்டாட்டி காத்துட்டு இருப்பாளே, திங்காட்டி மனசு நோகுமேன்னு சொல்லுவான். பாசக்காரன்!"

நாகம்மாள் சாம்பார் கரண்டியைச் சட்டியிலேயே போட்டாள். "பாசமா? எதுங்க பாசம்? அவன் ஏப்பம் விட்டுட்டு வருவான், அதுக்கு ஒருத்தி கரியத் தின்னுட்டு உக்காந்திருக்கோணும். நீங்க பத்துப் பேரு சுத்தி நின்னு கைதட்டறீங்க. ஒரு வாய், ஒரே ஒரு வாய், அவகிட்ட சாப்ட்டியான்னு எவனாச்சும் கேட்டீங்களா? கிரேன்ல டன்னு டன்னாத் தூக்கத் தெரியுது, ஒரு பொம்பள வயித்துல ஒண்ணுமில்லைங்கறது தெரியலையா?"

வேலுமணி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். போகட்டும், கேன்டீன் இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

சங்கரலிங்கம் வீட்டுக்கு வந்ததும் நாகம்மாள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றே கேட்டாள். "தம்பி, இன்னைக்குக் கேன்டீன்ல என்ன தின்னீங்க?"

அவனுக்குப் புரியவில்லை. "என்னக்கா, இட்லிதான். ஏன்?"

"பார்வதிக்குத் தெரியுமா நீங்க அங்க திங்கறது?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அவன் குரலைத் தாழ்த்தினான். "வேல செஞ்சா பசிக்கும்லாக்கா. எல்லாரும் திங்கத்தான் செய்யுதோம்."

"அவளுக்குப் பசிக்காதா?"

"நானா அவள திங்காதன்னு சொன்னேன்?"

"தின்னுன்னு சொன்னீங்களா?"

சங்கரலிங்கம் டிபன்பாக்ஸை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "வீட்டு வெவகாரம்க்கா இது. எங்கம்ம வந்து பாத்துக்கிடுவா" என்று உள்ளே போனான். அன்றைக்குப் பார்வதி அவனுக்குச் சோறு போட்டாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஆனால் மறுநாள் காலையில் சுவரைச் சுற்றி வந்தவள் பார்வதிதான். கண் வீங்கியிருந்தது. "நெசமாவே அங்க திங்காகளாக்கா? தெனமுமா?"

"தெனமும்."

"விரலு நசுங்குன அன்னைக்கும் தின்னுருப்பாகளா?"

"கேன்டீன் என்னைக்குப் புள்ள மூடியிருந்துச்சு?"

பார்வதி சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். பிறகு, "பசிக்குதுக்கா" என்றாள். நாகம்மாள் அடுப்பிலிருந்த அரிசிம்பருப்புச் சோற்றை நெய்யோடு தட்டில் போட்டாள். இரண்டு வாய் தின்பதற்குள் பார்வதி குமட்டி எழுந்து ஓடினாள். காய்ந்த குடல் சோற்றைச் சட்டென்று ஏற்றுக்கொள்ளுமா? மீதித் தட்டை நாகம்மாள் எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதில் பாதி போனது.

அன்றே மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். உடம்பில் ரத்தமே இல்லை, அதனால்தான் இப்படிக் கரி, மண், சாம்பல் என்று ஆசை வரும், பேயும் இல்லை பிசாசும் இல்லை என்றார். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். "மாத்திரை மட்டும் போதாது. நேரத்துக்குச் சாப்பிடணும்" என்றபோது பார்வதி ஆதிலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கரி ஆசை, மாத்திரைக்குப் பயந்து ஓடிவிடவில்லை. அவன் ஷிப்டில் இருக்கும் நேரமெல்லாம் பார்வதியைத் தனியாக விடக்கூடாது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். காலையில் ஆதிலட்சுமி தூக்குவாளியில் கூழ் கொண்டுவந்து, மோர் விட்டுக் கரைத்து, அவள் குடித்து முடித்த பிறகுதான் பாத்திரத்தைத் தொடுவாள். மத்தியானம் நாகம்மாள் வீட்டுப் பின்வாசலில் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எதிர் வரிசையிலிருந்து கனகம் ரசத்தோடு வந்தாள். பார்வதியைப் பார்த்து முதல் நாள் சிரித்தவள்தான். வந்து உட்கார்ந்தவளை யாரும் போகச் சொல்லவில்லை. வாய் ஊறுகிற நேரத்துக்கென்று வறுத்த மல்லாட்டையும் கருப்பட்டியும் பார்வதியின் மடியில் எப்போதும் இருந்தன. லெக்கோ மூட்டைகளை எல்லாரும் வீட்டுக்குள் இழுத்து வைத்தார்கள். புழுக்கத்தில் அடுப்பங்கரை முழுக்கக் கரி வாடையோடு சமைத்தார்கள்.

அப்படியும் ஒரு நாள் மழை பெய்தது. கோடை மழை, செம்மண் நனைந்த வாசம் ஊரையே தூக்கியது. நாகம்மாள் துணி எடுக்க ஓடிவிட்டுத் திரும்பினால் பார்வதியைக் காணோம். கனகத்தின் அடுப்பங்கரையில் மூட்டைக்குப் பக்கத்தில் வாய் நிறையக் கரியோடு இருந்தாள்.

நாகம்மாள் கையை ஓங்கிவிட்டாள். "இத்தன பேரு உசுர விடறோம், உனக்கு என்னடி கொழுப்பு!"

ஆதிலட்சுமி குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்தாள். "வுடும்மா. இதுக்குத்தான் கோடாங்கி இருக்கான்ல, நீங்க எதுக்கு?" அப்புறம் பார்வதியின் முகவாய்க்குக் கீழே தன் உள்ளங்கையை ஏந்தினாள். "துப்பு கண்ணு. முழுங்கிடாத. துப்பு."

பார்வதி துப்பினாள். கறுப்பு எச்சில் ஆதிலட்சுமியின் விரலிடுக்கில் ஒழுகியது. அவள் அதை மழைத்தண்ணீரில் காட்டிக் கழுவினாள். நாகம்மாள் வாசல்படியில் உட்கார்ந்து, ஓங்கின கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு மழை வருகிற நாளெல்லாம் யாராவது ஒருத்தி பார்வதியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெல்ல மெல்ல அவள் நகத்துக்கு நிறம் வந்தது. கரியைப் பார்த்தால் கரியாகத் தெரிய ஆரம்பித்தது என்று ஒரு நாள் அவளே சொன்னாள்.

சங்கரலிங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. டாக்டரம்மா சொன்னதைப் பார்வதியே அவனிடம் சொல்லியிருந்தாள். பெண்டாட்டி அடுத்த வீட்டில் முன்னாலேயே தின்கிறாள் என்பது ஷிப்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இத்தனை நாள் பெருமை பேசியவனை நாலு பேர் சீண்டினார்கள். அவன் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். எதுவானாலும் அம்மா வரட்டும் என்றான்.

ஊரில் கொடைத் திருவிழா முடிந்து மாமியார் இசக்கியம்மாள் வந்தாள். அன்றைக்கு முதல் ஷிப்ட். சங்கரலிங்கம் ஷிப்ட் முடிந்து நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தாயைக் கூட்டி வந்தான். கையில் கொடைப் பிரசாதம், கோடாங்கி மந்திரித்துக் கொடுத்த கயிறு. முன்வாசல் சாத்தியிருந்ததால் இருவரும் பின்பக்கமாக வந்தார்கள்.

அன்றைக்குப் பந்தி பார்வதி வீட்டுப் பின்வாசலில். உளுந்தஞ்சோறு பொங்கி, எள்ளுத் துவையல் அரைத்து, அவளே எல்லாரையும் கூப்பிட்டிருந்தாள். நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆதிலட்சுமிக்கும் அதே தட்டு, அதே வரிசை. புருஷனும் மாமியாரும் வந்து நின்றதைப் பார்த்ததும் கனகம் முந்தானையை இழுத்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள். நாகம்மாளுக்கே கால் பரபரத்தது. அவள் பார்வதியைப் பார்த்தாள். இவள் எழுந்துவிட்டால் எல்லாம் போச்சு, இன்றைக்கே பஸ் ஏறிவிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்தது.

பார்வதியின் தொடை ஒரு தரம் அசைந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"ஏளா" என்றாள் இசக்கியம்மாள். "புருசன் வேல பாத்துட்டுப் பசியோட வந்து நிக்கான். நீ ஊரக் கூட்டி வச்சுத் தின்னுக்கிட்டா இருக்க? பேயி முத்திப் போச்சுலா? எந்திரி. சேலைய எடுத்து வையி. ராத்திரி வண்டிக்கே போவோம்."

நாகம்மாள் வாயைத் திறப்பதற்குள் பார்வதியே பேசினாள்.

"அவுக கேன்டீன்ல சாப்பிட்டுத்தான் வந்திருப்பாக அத்த. டிபன்பாக்ஸும் காலியாத்தான் இருக்கும், தொறந்து பாருங்க. பசியோட இருந்தது நான்தான். நான் வயித்தக் கட்டுனாத்தான் இவுக முழுசா வருவாகன்னு நெனச்சுக் கெடந்தேன். மொதப் புள்ள அதுலதான் போச்சு. இந்தப் புள்ளைய நான் குடுக்க மாட்டேன். நான் எங்கயும் வரல."

"கேட்டியாடா?" என்று மகன் பக்கம் திரும்பினாள் இசக்கியம்மாள். "கேட்டுக்கிட்டா நிக்க?"

சங்கரலிங்கம் நின்றுகொண்டுதான் இருந்தான். அவன் கையில் டிபன்பாக்ஸ் தொங்கியது. அது எடை இல்லாமல் ஆடியதை அவன் தாயும் பார்த்தாள்.

"டாக்டர் சொன்னாங்கம்மா, ரத்தம் இல்லன்னு" என்றான். அவ்வளவுதான் வந்தது. சண்டை போடுகிற குரலும் இல்லை, ஆறுதல் சொல்லுகிற குரலும் இல்லை.

"எந்த டாக்டருடா புருசனுக்கு முன்னால திங்கச் சொன்னான்?"

பார்வதி தன் தட்டைப் பார்த்தாள். வழித்துத் தின்று காலியாகியிருந்தது. சோற்றுப் பானை வாசல் நிலையோரம், சங்கரலிங்கத்தின் காலடியில் இருந்தது. ஆதிலட்சுமி எழப் போனாள். பார்வதி இடது கையால் அவள் முழங்காலை அழுத்தினாள்.

"ஏங்க" என்றாள், அவனை நேராகப் பார்த்து. "எனக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வையுங்க."

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் அவனிடம் ஒரு தரமும் கேட்டிராத ஒன்று அது. இசக்கியம்மாள் கயிற்றைப் பிடித்த கையை மார்பில் வைத்துக்கொண்டாள். சங்கரலிங்கம் தாயைப் பார்த்தான், அந்த நாலு பெண்களையும் பார்த்தான். டிபன்பாக்ஸை நிலைமேல் வைத்தான். குனிந்து, கரண்டியை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் பிடித்து, ஒரு கரண்டி எடுத்து அவள் தட்டில் போட்டான். அவள் தட்டை நகர்த்தவில்லை. இன்னொரு கரண்டி போட்டான். நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் போதும் என்று சொல்லவில்லை.